வறுத்த ஜல்லி

குளியலறைத் தாழ்ப்பாள் விழுந்துவிட்டது. இழுத்தும் பார்த்தாயிற்று. இன்னொரு தடவை இழுத்தால் குறைந்தா போய்விடும், சரி, விழுந்துதான் இருக்கிறது. காற்று ஜன்னலின் இடுக்கில் பழைய தலையணை உறையைச் செருகியாயிற்று. ஸ்டூல் இருக்கிறது, வாளியில் தண்ணீர் இருக்கிறது, வேப்பங்கொத்து இருக்கிறது, செங்கல் மேல் இரும்புச் சட்டி, சட்டிக்குள் ஜல்லி. எதிர்வீட்டில் மாடி எடுக்கக் கொட்டி வைத்திருக்கும் ஜல்லி. நேற்றே ஒரு சொளகு அள்ளிவந்து அலசி மொட்டைமாடியில் காயப்போட்டிருந்தேன், ஈரக்கல்லைச் சூடாக்கினால் வெடிக்கும் என்று பின்லாந்து ஆவிக்குளியல் வீடியோவில் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். காலையில் வீட்டுக்காரி லீலா சந்தைக்குப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பி, தெரு முக்கு திரும்புகிற வரை மாடியில் நின்று பார்த்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன். கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தேன். கிளறச் சொல்லி யாரும் சொல்லவில்லை. ஆனால் சட்டியில் ஒன்று கிடக்கும்போது கிளறாமல் எப்படி நிற்பது, அடிப்பிடித்துவிடாதா. அடி எங்கே பிடிக்கப்போகிறது, கல்லு. கோவில்பட்டி மெயின் பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற தங்கப்பழம் ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையலறையில் நின்று ஜல்லி வறுத்தான் என்று வெளியே தெரிந்தால் அப்புறம் அந்தக் கடையில் எவன் பேண்ட் துணி எடுப்பான்.

முதலில் சட்டை. அப்புறம் பனியன். கொக்கியில் மாட்டு. வேட்டியும் அவிழ்க்க வேண்டும் என்றுதான் சொல்கிறார்கள். அங்கேதான் எனக்கு மூன்று வாரமாகத் தூக்கம் போயிருக்கிறது. ஒரு வீடியோவில், விருந்தாளிகள் துண்டு கட்டிக்கொள்ளலாம், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள் என்கிறான். இன்னொருத்தன், துணி எதுவும் ஆகாது, அது சுத்தக்குறைவு என்கிறான். ஹெல்சிங்கியில் வேலை பார்க்கிற ஒரு தஞ்சாவூர்க்காரர், 'அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க, முதல் அஞ்சு நிமிஷந்தான் கூச்சம்' என்கிறார். அந்த ஐந்து நிமிஷத்தைத்தானே ஐயா நான் கேட்கிறேன். அதை மட்டும் விவரமாகச் சொல்லாமல் ஏரி, வாத்து, மரவீடு என்று கேமராவைத் திருப்பிவிட்டார். இந்த வீடியோக்களைக் கடையில் கல்லாவுக்குக் கீழே வைத்து, சத்தத்தைக் குறைத்துத்தான் பார்ப்பேன். போன வாரம் பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. திரும்பினால் நம் கடை சேல்ஸ்மேன் பால்ச்சாமி, கையில் லைனிங் துணி. போனில் நாலு ஆம்பிளைகள் ஒட்டுத்துணி இல்லாமல் ஆவிக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். "அண்ணாச்சி, காப்பி வாங்கிட்டு வரட்டுமா?" என்றான் பால்ச்சாமி, என் முகத்தைப் பார்க்காமல். அன்றிலிருந்து என்னோடு பேசும்போது ஓரடி தள்ளி நிற்கிறான். பின்லாந்துக் கலாச்சாரம்ப்பா என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும்.

சரி, வேட்டியும் கொக்கிக்குப் போகட்டும். உட்கார். ஸ்டூல் சில்லென்று இருக்கிறது. ஒரு மக் தண்ணீர். ஊற்று. ஸ்ஸ்ஸ். ஐயோ, நல்ல ஆவிதான், முகத்துக்கே வருகிறது, மண்வாசனையும் அதோடு போன வாரம் இதே சட்டியில் பொரித்த நெத்திலி வாசனையும். இந்த ஆவிக்கு அங்கே ஒரு தனிப் பேர் இருக்கிறது, லோய்லு. லோய்லு, லோய்லு, நாக்கு புரளமாட்டேன் என்கிறது. அந்தக் குளியலைச் சானா என்று சொன்னால் கோபப்படுவார்களாம், சவுனா என்று சொல்ல வேண்டுமாம். நன்றிக்குக் கீத்தோஸ். இதுவரை நான் கற்றது இவ்வளவுதான். மகளைப் பார்க்க அங்கே சம்பந்தி வீட்டுக்குப் போய் சவுனா, லோய்லு, கீத்தோஸ் என்று மூன்று வார்த்தையை வைத்துக்கொண்டு பத்து நாளை ஓட்டவேண்டும். ஓட்டலாம், அந்த ஊரில் யாரும் அவ்வளவாகப் பேசமாட்டார்களாம், பஸ்ஸுக்கு நின்றால்கூட ஆளுக்கு ஆள் ஒரு கட்டில் இடைவெளி விட்டு நிற்பார்களாம். பேசாமல், தொடாமல், தள்ளித் தள்ளி நிற்கிற ஜனம், உடுப்பைக் கழற்றிவிட்டு மட்டும் ஒரே பலகையில் ஒட்டி உட்காருமாம். இது என்ன நியாயம். ஊர் பேரே தாம்பரே. பாஸ்போர்ட் எடுத்த அன்றைக்கு எதிர்வீட்டுக்காரர் கேட்டார், "எந்த ஊருக்கு அண்ணாச்சி?" "தாம்பரே." "தாம்பரத்துக்கு எதுக்குப் பாஸ்போர்ட்டு? நெல்லை எக்ஸ்பிரஸ்ல ஏறுனா காலையில எறக்கி விட்டுருவானே." அவருக்கு விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கே அது செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற மாதிரி ஆகிவிட்டது.

இன்னும் ஒரு மக். ஸ்ஸ். முன்னைப்போலச் சத்தம் இல்லை. எண்பது டிகிரியாம் அங்கே. எண்பது டிகிரியில் மனிதன் உட்காருவானா, வெந்துபோவானே. கோவில்பட்டியில் வைகாசி வெயில் நாற்பதைத் தாண்டினால் நாங்கள் இளநீருக்கு ஓடுகிறோம், அவன் விறகு வெட்டி அடுக்கி, காசு செலவழித்து அதைப்போல இரண்டு மடங்கு வெயிலை ஒரு ரூமுக்குள் செய்கிறான். கடவுள் யாருக்கு எதைக் கொடுப்பது என்று கணக்கில்லாமல் கொடுத்துவிட்டார். வேர்க்கிறது. நெற்றியில் புறப்பட்டு மூக்கு நுனிக்கு வந்து சொட்டுகிறது, வயிற்றில். பார்க்காதே. வயிற்றைப் பார்க்காதே. பார்த்தால்தான் என்ன, தெரிந்ததுதானே. தொப்புளைச் சுற்றி ஒரு வெள்ளைத் திட்டு, இடது விலாவில் ஒரு நீளவாட்டம், முதுகில் இருப்பதை நான் கண்ணாடியில் பார்த்ததோடு சரி, இலங்கை மாதிரி ஆரம்பித்து இப்போது ஆஸ்திரேலியா ஆகிவிட்டது. மகள் சுகிர்தா பிறந்த வருஷம் முதல் புள்ளி வந்தது, ஒரு துவரம்பருப்பு அளவு. சுண்ணாம்பு பட்டுவிட்டது என்று நினைத்துத் தேய்த்தேன். டாக்டர் சொன்னார், "இது ஒட்டாது, வலிக்காது, உயிருக்கு ஒண்ணும் பண்ணாது, நிறம் போவுது, அவ்வளவுதான்." அவ்வளவுதானாம். துணியைக் கையால் தடவிக் காட்டி விற்கிறவனுக்கு அவ்வளவுதானா? கைக்கு வந்துவிடுமோ, முகத்துக்கு வந்துவிடுமோ என்று தினமும் காலையில் விளக்கைப் போட்டு விரல் இடுக்கெல்லாம் பார்த்தேன். வரவில்லை. சட்டைக்குள்ளேயே நல்ல பிள்ளையாக இருந்துகொண்டது. அன்றிலிருந்து குற்றாலத்துக்குப் போனால் சளி, ஊரணிக்குப் போனால் காய்ச்சல், கோயிலில் சட்டையைக் கழற்றச் சொல்கிற ஊராக இருந்தால் எனக்கு அன்றைக்கு வயிற்றுப்போக்கு. எல்லாம் அந்தப் பிள்ளைக்காகத்தான். தகப்பனுக்கு வெள்ளை என்று தெரிந்தால் நாளைக்கு எவன் பெண் கேட்டு வருவான், நம் ஆட்கள் ஜாதகம் பார்ப்பதற்கு முன்னால் தோலைத்தான் பார்ப்பார்கள். லீலாவும் நானும் கல்லுப்போல வாயை மூடிக்கொண்டோம். மகள் படித்தாள், வேலைக்குப் போனாள், போன இடத்தில் ஒருத்தனைக் கட்டிக்கொண்டாள். போட்டோ அனுப்பினாள். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை வெள்ளை. புருவம்கூட வெள்ளை. யுஹோவாம் பேர். நான் ஒரு மாதம் யாரோடும் பேசவில்லை. கல்யாணத்துக்கு வருத்தப்பட்டு என்று லீலா நினைத்துக்கொண்டிருந்தாள். பாதி அதுதான். மீதிப் பாதி, இத்தனை வருஷம் எவனுக்கு பயந்து வேர்வையில் அவிந்துகொண்டு கிடந்தேன் என்ற எரிச்சல்.

மூன்றாவது மக். ஒரு கல் டப்பென்று வெடிக்கிறது, சீடை வெடிக்கிற மாதிரி. முழங்காலைச் சேர்த்து வைத்துக்கொள், எங்கேயாவது பட்டுவிடப்போகிறது. இப்போது வேப்பங்கொத்து. அங்கே அது பிர்ச் மரத்துக் கொத்து, விஹ்தா என்று பேர், அதால் முதுகிலும் தோளிலும் அடித்துக்கொள்ள வேண்டும், ரத்தம் ஓடுமாம். அடி. சப். நம் ஊரில் இப்படி அடித்தால் உடம்பிலிருந்து பேய் ஓடும். சப் சப். சம்பந்தி நம்மை அடிப்பாரா, அவரவர் அடித்துக்கொள்வதா? மாற்றி மாற்றி அடிப்பார்கள் என்று ஒரு வீடியோவில் பார்த்த ஞாபகம். சம்பந்தியை நான் அடிப்பதா. பெண்ணைக் கொடுத்த இடத்தில். பெக்கா என்று பேர் அந்த மனிதருக்கு, தச்சு வேலையில் நல்ல பழக்கமாம், போனில் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன், தாடியும் கண்ணாடியும், சிரித்தாரா இல்லையா என்று தாடி சொல்லவில்லை. "தங்கபாலம்," என்றார் என்னைப் பார்த்து. பழம் பாலமாகிவிட்டது, போகட்டும். அப்புறம் போன ஞாயிற்றுக்கிழமை சுகிர்தா சொன்னாள், "யப்பா, நீங்க வாரீங்கன்னு மாமா ஏரிக்கரை சவுனாவைப் பிரிச்சு, பலகை எல்லாம் புதுசாப் போடுதாங்க. அவங்க அங்க கூப்பிடுததுதான் பெரிய மரியாத. நம்ம ஊர்ல வாழை இல போட்டு உக்கார வைக்க மாதிரி." இலை போட்டு உட்கார வைத்த பிறகு சளி, காய்ச்சல் என்று எழுந்திருக்க முடியுமா. மாத்திரையெல்லாம் யோசித்தேன். பிரஷர் இருக்கிறது, டாக்டர் வேண்டாமென்றார் என்று சொல்லலாம். சொன்னால் சுகிர்தா இங்கிருக்கிற டாக்டருக்கே போன் போட்டு விசாரிப்பாள், அவள் அம்மாவின் மகள். அப்புறம் அந்த மனிதர் புதுப் பலகையைப் பார்த்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பார். அல்லது நான் போய் உட்காருவேன், அவர் என் வயிற்றைப் பார்ப்பார், பேசமாட்டார், அந்த ஊரில்தான் பேசுவதில்லையே, ஒன்றும் சொல்லாமல் பலகையில் ஓரடி தள்ளி உட்காருவார், பால்ச்சாமி மாதிரி. அதைச் சுகிர்தாவிடம் யார் சொல்வார்கள். சப். சப்.

"ஏங்க! உள்ள என்ன சத்தம்? யாரை அடிக்கீங்க?"

லீலா. சந்தைக்குப் போனவள் இவ்வளவு சீக்கிரமா. கொத்தைக் கீழே போடு. போடாதே, சத்தம் கேட்கும், மெதுவாக வை. "கொசு," என்றேன். "கொசுவா? அது கெடக்கட்டும், அடுப்புல என்னத்தப் போட்டு வறுத்தீங்க? சுத்திலும் கல்லும் தூசியுமாக் கெடக்கு." பொய் ஒன்று வேண்டும், உடனே வேண்டும். முப்பது வருஷமாகப் பொய் சொல்லிப் பழகிய வாய், ஆவியில் அவிந்துபோய் ஒன்றும் வரமாட்டேன் என்கிறது. "கல்லுதான்," என்றேன். "என்னது?" "ஜல்லி." "எதுக்கு?" "குளிக்க." காய்ப்பையைக் கீழே வைக்கிற சத்தம். கதவுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறாள், வளையல் கேட்கிறது. "ஏங்க," என்றாள், குரல் இறங்கியிருந்தது, "தலைய கிலைய சுத்துதா உங்களுக்கு?" அதற்குள் அவள் போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை, சுகிர்தா கூப்பிடுகிற நேரம். நல்லவேளை. நல்லவேளை என்று நினைத்தேன், என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"யம்மா, அப்பா எங்க? பெக்கா மாமா பக்கத்துல இருக்காங்க, அப்பாட்ட ஒண்ணு கேக்கணுமாம்." ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள், லீலாவுக்குப் போனைக் காதில் வைத்துப் பேசத் தெரியாது, தெருவுக்கே கேட்கவேண்டும். "ஹலோ பெக்கா சார்! குட்மார்னிங்! சாப்ட்டாச்சா?" "தமிழ்ல கேட்டா அவங்களுக்கு எப்படிம்மா..." "சாப்ட்டாச்சான்னா யாருக்கும் புரியும். உங்கப்பா குளிக்காரு பிள்ள. ஜல்லிய வறுத்துக் குளிக்காரு." "என்னம்மா சொல்லுத?" "எனக்கென்ன தெரியும், கொசு கடிக்குன்னு அடிச்சுக்கிடுதாரு வேற." அங்கே ஏதோ முணுமுணுப்பு, பாறை உருளுகிற மாதிரி ஒரு குரல், சம்பந்திதான். சுகிர்தா சொன்னாள், "சவுனால ரெண்டு வரிசைப் பலகை இருக்கும்மா. மேல உக்காந்தா சூடு கூட, கீழ உக்காந்தா கம்மி. மாமா இன்னைக்கு ஆணி அடிக்கப் போறாங்களாம். அப்பாவுக்கு எது தோது? கீழன்னா அதை இன்னும் கொஞ்சம் அகலமாப் போடுவாங்களாம்." எனக்காக அகலப்படுத்துகிறார். என் உடம்பை மனதில் அளந்து பார்த்து அந்த மனிதர் பலகை அறுக்கிறார். சொல்லிவிடலாம், பிரஷர் என்று இங்கிருந்தே கத்திவிடலாம், கத்து. வாயைத் திறந்தேன். லீலா முந்திக்கொண்டாள்.

"மேலயாவது கீழயாவது, உங்கப்பா எங்கயும் உக்கார மாட்டாரு பிள்ள. சட்டையக் கழத்தணும்லா. அவருக்கு வயித்துலயும் முதுகுலயும் வெள்ள இருக்குல்லா, அதான் பயந்து சாகுதாரு. நாளாச்சு, ராத்திரி பூரா பொரண்டு பொரண்டு படுக்காரு. என்கிட்டயும் சொல்ல மாட்டேங்காரு. நானே ஊகிச்சுக்கிட்டேன்."

முடிந்தது. வெண்டைக்காய் கிலோ என்ன விலை என்று சொல்கிற குரலில் சொல்லிவிட்டாள். எழுந்தேன். ஓடிப்போய் அந்தப் போனைப் பிடுங்க வேண்டும், தாழ்ப்பாளில் கை வைத்தபிறகுதான் தெரிந்தது உடம்பில் நூல்கூட இல்லை என்று. திரும்பிக் கொக்கியை எட்டினேன், ஈரக்கை, சட்டையும் பனியனும் சேர்ந்து வழுக்கி நேராக வாளிக்குள் விழுந்தன, முங்கின, சட்டைக் கை மட்டும் மேலே வந்து காப்பாற்று என்கிற மாதிரி மிதந்தது. மறுபடியும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். வெளியே ஒரு சத்தமும் இல்லை. ஒருவேளை லைன் போய்விட்டதோ, ஆண்டவரே, லைன் போயிருக்கட்டும், அவள் சொல்வதற்கு ஒரு நொடி முன்னால் போயிருக்கட்டும்.

"தெரியும்மா," என்றாள் சுகிர்தா.

"என்ன தெரியும்?"

"அப்பாவுக்கு இருக்குன்னு. அஞ்சாப்பு படிக்கும்போதே தெரியும். வேர்வையில பனியன் ஒட்டுனா தெரியாதா? அவரு சொல்லல, நானும் கேக்கல. பாக்காத மாதிரி இருந்தாத்தான் அவருக்கு நிம்மதின்னு இருந்துக்கிட்டேன். யுஹோட்ட கல்யாணத்துக்கு முன்னாலயே சொல்லிட்டேன், வலிக்குமான்னு கேட்டான், இல்லன்னேன், சரின்னான்." "உங்க மாமாவுக்கு?" "இரு, சொல்லுதேன்." சொல்கிறாள். இப்போது சொல்கிறாள். அந்தப் பாஷையில் சொல்கிறாள், எந்த வார்த்தை என் வயிறு, எது முதுகு என்று ஒன்றும் விளங்கவில்லை, குருவி கத்துகிற மாதிரி போய்க்கொண்டே இருக்கிறது. ஐந்தாம் வகுப்பு. அப்படியென்றால் அவள் ஸ்கூல் லீவில் குற்றாலத்துக்குப் போவோம் என்று கூப்பிட்டபோது நான் சளி என்று இருமிக் காட்டினேனே, நன்றாகத்தான் இருமினேன், போய் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தாளே. தெரிந்துதான் கொடுத்தாளா. இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒருத்தரை ஒருத்தர் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறோம். குருவிக் குரல் நின்றது. பெக்கா ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஊர்க்காரர் மௌனத்தை வீடியோவில் பார்த்திருக்கிறேன், சிரித்திருக்கிறேன். அதற்குள் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரிகிறது. சட்டியில் ஆவி அடங்கிவிட்டது. வேப்பிலை ஒன்று முழங்காலில் ஒட்டியிருக்கிறது. அப்புறம் பாறை உருண்டது, நிதானமாக, நெடுநேரம். சுகிர்தா நடுவிலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"யம்மா, கேளு. மாமாவுக்குக் கண்ணாடியக் கழட்டிட்டா தன் தொப்பையே தெரியாதாம். சவுனாக்குள்ள கண்ணாடி போட முடியாது, மூக்கு சுட்டுரும். போன குளிர்காலத்துல பக்கத்து வீட்டுக்காரர் உள்ள இருக்காருன்னு நெனச்சு வணக்கம் சொல்லி உக்காந்தாங்களாம். ரொம்ப நேரம் ரெண்டு பேரும் பேசவே இல்ல. கடைசியில பாத்தா அது ஆணியில தொங்குன துண்டாம். ஆனா நல்ல துணையா இருந்துச்சுங்காங்க. அப்பா அதவிட நல்ல துணையா இருப்பாருன்னு நம்புதாங்களாம்."

லீலா சிரிக்கிறாள். கதவில் சாய்ந்து சிரிக்கிறாள் போல, கதவு குலுங்குகிறது. எனக்கும் மூக்கிலிருந்து ஏதோ வருகிறது, வேர்வையா சிரிப்பா தெரியவில்லை. துண்டாம். நான் ஒரு துண்டுக்குப் போட்டி. சரி. வேட்டி மட்டும் கொக்கியிலேயே இருக்கிறது, கட்டு, இறுக்கிக் கட்டு. பனியனைப் பிழிந்து போட்டுக்கொள்ளலாமா. வாளிக்குள் கையை விட்டேன். எடுத்தேன். பிழிந்தேன். சொட்டுகிறது. இதைப் போட்டால் ஒட்டும், ஒட்டினால் தெரியும், அவள் அஞ்சாப்பிலேயே பார்த்ததுதான் தெரியும். மறுபடியும் வாளிக்குள்ளேயே போட்டுவிட்டேன். தாழ்ப்பாளைத் திறந்தேன்.

லீலா திரும்பிப் பார்த்தாள். போன் அவள் கையில் என் பக்கமாகவே இருந்தது, அதை எந்தப் பக்கம் திருப்புவது என்று அவளுக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. சின்னச் சதுரத்துக்குள் தாடி, கண்ணாடி. கண்ணாடி போட்டுத்தான் இருக்கிறார். பக்கத்தில் சுகிர்தா, அவள் என் முகத்தை மட்டும் பார்க்கிறாள், பிறகு என் முகத்தை மட்டும் பார்ப்பதை விட்டுவிட்டாள். "தங்கபாலம்," என்றார் அவர். எனக்கு ஒரு வார்த்தையும் ஞாபகம் வரவில்லை, கற்ற மூன்றும் ஆவியாகிவிட்டன. "கீழ்ப் பலகைன்னு சொல்லு பிள்ள," என்றேன், "மொத நாளு கீழயே உக்காருதேன். ஆள் யாருன்னு தெரியாமப் போயிரும்னா, நான் அப்பப்ப இருமிக் காட்டுதேன்." சுகிர்தா அதை மொழிபெயர்க்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள். தாடி விரிந்தது. சிரிப்புதான் அது, இப்போது சந்தேகமே இல்லை.

அதற்குப் பிறகு என்னை யாரும் கவனிக்கவில்லை. இட்லிப்பொடி எத்தனை கிலோ, கடலைமிட்டாயை ஏர்போர்ட்டில் பிடுங்குவானா, குளிருக்குக் கம்பளிச் சட்டை அங்கேயே வாங்குவதா என்று அம்மாவும் மகளும் தொடங்கிவிட்டார்கள். நான் ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்தேன். மேலே காற்றாடி சுற்றுகிறது. இந்தக் காற்றாடியை நான்தான் வாங்கிவந்து மாட்டினேன், இதன் காற்று முகத்திலும் கையிலும் தவிர வேறு எங்கும் பட்டதில்லை. வயிற்றில் படுகிறது. விலாவில் படுகிறது. வேர்வை காய்கிறபோது தோல் மெல்லச் சுருங்குகிறது, வெள்ளையும் கறுப்பும் ஒரே மாதிரிதான் சுருங்குகின்றன. பட்டப்பகல், ஜன்னல் திறந்து கிடக்கிறது, தெருவில் யாரோ சைக்கிளில் போகிறார்கள். "ஈரத்தோட காத்துல உக்காராதீங்க, போய்ச் சட்டையப் போடுங்க," என்றாள் லீலா, போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இரு லீலா," என்றேன். "காத்து நல்லாருக்கு. அந்த ரெகுலேட்டர இன்னும் ஒண்ணு கூட்டி வை."